மலை ஏறிய ஹீட் பிரஸ்

ஜவ்வாது என்றதும் பாட்டியின் பெட்டியில் இருந்த வாசனைப் பொடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த ஜவ்வாது வேறு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாகக் கிடக்கிற மலை. கிழக்கே போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஒரு பாதை ஏறுகிறது. மேற்கே வாணியம்பாடியில் புறப்பட்டு ஆலங்காயம், காவலூர் வழியாக இன்னொரு பாதை வருகிறது. இரண்டும் ஜமுனாமரத்தூரில் சேர்கின்றன.

சுற்றுலா வருகிறவர்கள் பீமன் அருவியில் நனைவார்கள், கோலப்பன் ஏரியில் படகு விடுவார்கள், காவலூரில் தொலைநோக்கியை எட்டிப் பார்ப்பார்கள். இறங்கும்போது பையில் சாமையும் தேனும் புளியும் இருக்கும். அவர்கள் கண்ணில் படாமல் போகிற ஒன்று உண்டு. மலைக் கிராமத்து இளைஞர்கள் போட்டிருக்கிற ஜெர்ஸி.

கபடி, வாலிபால், கிரிக்கெட் என்று எந்த டோர்னமென்ட் வந்தாலும் டீமுக்கு ஒரு ஜெர்ஸி வேண்டும். முதுகில் பெயர், எண். நெஞ்சில் ஊர்ப்பெயர். பொங்கல் விளையாட்டு, பள்ளி விளையாட்டு விழா, அரசு நடத்துகிற கோடை விழா என்று ஆண்டு முழுக்க இதற்குத் தேவை இருக்கிறது. ஆனால் ஆர்டர் கொடுக்க மலையிறங்க வேண்டும். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள். பெயரில் ஓர் எழுத்து தப்பாக வந்திருந்தால் மூன்றாவது நாள்.

இந்த வேலைக்குத் தேவையான சாமான் அதிகமில்லை. சப்ளிமேஷன் மை ஊற்றிய ஒரு பிரிண்டர், அதற்கான தாள், ஒரு ஹீட் பிரஸ். ஒரு மேஜையும் ஒரு பிளக் பாயின்டும் போதும். அப்படியானால் இதை மலை மேலேயே வைத்துவிட்டால் என்ன?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். இந்த மலையில் அது சின்னதல்ல. இங்கே வாழ்கிற மலையாளி பழங்குடியினருக்குச் சாமையும் புளியும் ஆண்டில் சில மாதங்களுக்குத்தான் கைகொடுக்கும். மற்ற மாதங்களில் வேலை தேடி இறங்குகிறார்கள். சிலர் போன வழி மிக மோசமானது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். இறந்தவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். உள்ளூரிலேயே நாலு காசு வருகிற எந்தத் தொழிலும் இங்கே பொழுதுபோக்குப் பேச்சாகாது.

ஆனால், சமவெளியில் சொன்னபடி கேட்கிற ஹீட் பிரஸ், மலை ஏறினால் முரண்டு பிடிக்கும். ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் தொழில் நிற்கும்.

கற்பூரம் செய்கிற வேலை

தட்டில் வைத்த கற்பூரம் நாலு நாளில் காணாமல் போகும். உருகி ஓடியிருக்காது, நேராகக் காற்றாகிப் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் இதற்குப் பதங்கமாதல் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். சப்ளிமேஷன் என்பதும் அதே வார்த்தைதான்.

தாளில் அச்சடித்த சாயம் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆவியாகிறது. அதே சூட்டில் பாலியஸ்டர் இழைகளும் இளகிக்கொடுக்கின்றன. ஆவி இழைக்குள் புகுந்துவிடுகிறது. சூடு குறைந்ததும் இழை இறுகி, சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் நல்ல சப்ளிமேஷன் ஜெர்ஸியில் கையைத் தடவினால் அச்சு தட்டுப்படாது. ஸ்டிக்கர் மாதிரி உரியாது, வெடிக்காது.

பாலியஸ்டர் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்ஸன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த இந்த இழைதான் பிறகு டெரிலின் என்று வந்தது. தாத்தாவின் டெரிகாட்டன் சட்டையில் பாதி அதுதான். இன்றைக்கு டாட் நிட், மைக்ரோ என்று ஜெர்ஸித் துணிக்கு விதவிதமாகப் பெயர் சொன்னாலும் உள்ளே இருப்பது அதே பாலியஸ்டர்.

பருத்திக்குள் இந்தச் சாயம் புகாது. பருத்தி கலந்த துணியில் அடித்தால் முதல் நாள் பளிச்சென்று இருக்கும். நாலு துவைப்பில் பழைய போஸ்டர் மாதிரி வெளுத்துவிடும். துணிக்கடையில் 'ஃபுல் பாலி' என்று சொன்னதை நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் குட்டு வெளியாகிவிடும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, கெட்டியான மணி மாதிரி ஆகும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். இரண்டும் சேர்ந்து வந்தால் துணி கலப்பு.

குற்றவாளி துணியல்ல

காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். ஜமுனாமரத்தூரும் ஏறக்குறைய அந்த உயரம்தான். 'உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், அதனால் பிரஸ் சரியாக வேலை செய்யாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த உயரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரியில் கொதிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 200 டிகிரியில் நடக்கிற வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தொல்லை கொடுப்பது பனி.

மழைக்காலத்திலும் மார்கழியிலும் காலை ஒன்பது மணி வரை மேகம் வாசலில் நிற்கிற ஊர்கள் இவை. அந்த ஈரம் எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் சூட்சுமம். ஜெர்ஸி ஈரமாகிவிட்டது என்று துணியைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவார்கள். ஆனால், பாலியஸ்டர் காற்றிலிருந்து ஈரத்தை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. சாதாரணக் காற்றில் தன் எடையில் 0.4 சதவிகிதம்தான். 150 கிராம் ஜெர்ஸியில் அரை கிராம் தண்ணீர். அதே எடையில் பருத்தி பனியன் என்றால் பன்னிரண்டு கிராம் பிடித்து வைத்திருக்கும்.

பனியை உறிஞ்சுவது தாள். தாள் என்பது மரநார். காற்றில் ஈரம் கூடக்கூட அது குடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. நூறு ஜி.எஸ்.எம். எடையுள்ள ஓர் ஏ3 தாள் பன்னிரண்டரை கிராம் இருக்கும். அதில் ஆறு சதவிகிதம் ஈரம் என்றால் முக்கால் கிராம் தண்ணீர். ஒரு டீஸ்பூனில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடையாது. 200 டிகிரி சூட்டில் அந்த முக்கால் கிராம் ஒன்றரை லிட்டருக்கும் மேல் நீராவியாக விரியும். பனி நாளில் தாள் ஒரு கிராமுக்கு மேல் குடித்திருந்தால் இரண்டு லிட்டருக்கும் அதிகம். துணிக்கும் தாளுக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாத இடத்தில், ஒரு பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில் அளவு ஆவி சில விநாடிகளில் கிளம்புகிறது. வழி கிடைத்த பக்கம் எல்லாம் முட்டிக்கொண்டு ஓடும். ஓடும்போது பக்கத்தில் இருக்கிற சாய ஆவியையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதன் பலன்தான் ஜெர்ஸியில் தெரிகிறது. நடுவே மேகம் மாதிரி வெளிறிய திட்டு. எழுத்தின் ஓரத்தில் புகை. தாள் சுருண்ட இடத்தில் பாதி அச்சு. 'மை சரியில்லை', 'மெஷின் போலி' என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மையும் மெஷினும் நன்றாகத்தான் இருக்கும்.

தீர்வு எளிது. தாள் கட்டைப் பிரித்ததும் மிச்சத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூட வேண்டும். சாமையோ கேழ்வரகோ போட்டுவைக்கிற இறுக்கமான மூடி போட்ட டிரம்மே போதும். புது ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் அதில் போட்டு வைக்கலாம். பிரின்ட் எடுத்த தாளை உடனே துணிமேல் வைக்கக் கூடாது. மையிலும் தண்ணீர் உண்டு. சூடான பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் (அதன் மேலே அல்ல) சில நிமிடம் விரித்து வைத்தால் காய்ந்துவிடும். ஜெர்ஸியையும் தாள் இல்லாமல் நாலைந்து விநாடி ஒரு முறை அழுத்தி எடுத்துவிட வேண்டும். மேலே ஒட்டிய பனி போகும், சுருக்கம் போகும். சுருங்கும் துணியாக இருந்தால் அந்தச் சுருக்கமும் அச்சடிப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

பனிக்குப் பயப்படுகிறது ஜெர்ஸி மட்டுமல்ல. காவலூரில் இந்திய வான்இயற்பியல் மையத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதை உலகின் சில வானாய்வகங்கள் கண்டன. அவற்றில் இதுவும் ஒன்று. 1986-ல் இங்கே வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு உண்டு. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, அதைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படிய வைப்பார்கள். திடப்பொருளை ஆவியாக்கி வேறொன்றின்மேல் ஏற்றுகிற கலை இந்த மலைக்கு ஜெர்ஸிக்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்லலாம். காற்றில் ஈரம் கூடினால் குவிமாடத்தை மூடிவிடுவது வானாய்வகங்களின் வழக்கம். விஞ்ஞானி செய்கிறதை ஜெர்ஸிக் கடைக்காரரும் செய்யலாம். கதவைச் சாத்திவிட்டு வெயில் வரும்வரை காத்திருக்கலாம்.

வோல்டேஜ் என்கிற இரண்டாவது வில்லன்

சிம்னி விளக்கு மாதிரி பல்பு மங்குகிற மாலை நேரம், மின்கம்பி வெகுதூரம் ஓடிவருகிற எந்த ஊருக்கும் தெரிந்ததுதான். பல்பு மங்கினால் கண்ணுக்குத் தெரியும். பிரஸ் மங்கினால் ஜெர்ஸி கெட்ட பிறகுதான் தெரியும்.

மேஜைமேல் வைக்கிற ஹீட் பிரஸ் ஒன்று 1800 வாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் வந்தால்தான் அது 1800 வாட். 180 வோல்ட்தான் வருகிறது என்றால், கால் பங்குக்கும் குறைவாகத்தானே விழுந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால், சூடு தருகிற காயிலில் வோல்டேஜ் குறைந்தால் சக்தி இரட்டிப்பாக அடிவாங்கும். 1800 வாட் மெஷின் 1100 வாட் மெஷின் ஆகிவிடும். சக்தி ஏறக்குறைய நாற்பது சதவிகிதம் காணாமல் போயிருக்கும்.

இதன் அடையாளம் விசித்திரமாக இருக்கும். முதல் ஜெர்ஸி அருமையாக வரும். இரண்டாவதும் நன்றாக வரும். ஐந்தாவது ஆறாவதில் நிறம் சோகை பிடிக்கும். ஒவ்வொரு ஜெர்ஸியும் தகட்டிலிருந்து கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. அதைத் திரும்ப நிரப்ப மெஷினுக்குத் திராணி இல்லை. டிஸ்ப்ளே மட்டும் 200 என்று தைரியமாகக் காட்டிக்கொண்டிருக்கும். சென்சார் இருக்கிற ஒரு புள்ளியின் சூடுதான் அது. தகட்டின் மூலையில் 185 இருந்தாலும் அதற்குத் தெரியாது.

ஃபிரிட்ஜுக்கு வாங்கிய ஸ்டெபிலைசரில் இதைச் செருகுவது வீண்வேலை. இந்த வாட்டைத் தாங்குகிற ஸ்டெபிலைசர் தனியாக வேண்டும். பிளக் 16 ஆம்ப் பெரிய பிளக்காக இருக்க வேண்டும். எர்த் கட்டாயம். செல்போன் சார்ஜர் போடுகிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்தால் வயரே சூடாகி, வீட்டுக்கே ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிவிடலாம் என்ற ஆசையும் வேண்டாம். அந்தச் சுமையை அது தாங்காது. ஜெர்ஸிக்கும் ஜெர்ஸிக்கும் நடுவே தகட்டை மூடிவைத்து ஒரு நிமிடமாவது ஊறவிட்டால் சூடு திரும்பும்.

காலையில் பனி. மாலையில் வோல்டேஜ். அப்படியானால் மலையில் சப்ளிமேஷனுக்கு நல்ல நேரம் எது? பத்தரை மணிக்கு மேல், மாலை நாலு மணிக்குள். பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லிவிடலாம். டிசைன் போடுவது, பிரின்ட் எடுப்பது, துணி வெட்டுவது எல்லாம் மற்ற நேரத்தில் வைத்துக்கொண்டு, அழுத்துகிற வேலையை மட்டும் இந்த இடைவெளியில் முடிப்பது புத்திசாலித்தனம்.

தகட்டின் உண்மையான சூட்டை அளக்க துப்பாக்கி மாதிரி லேசர் தெர்மாமீட்டர் வாங்குகிறார்கள். பளபளக்கிற அலுமினியத் தகட்டின்மேல் அது பொய் சொல்லும். குறைவாகக் காட்டும். கறுப்புப் பூச்சு இருக்கிற தகட்டில் ஓரளவு சரியாக இருக்கும். சூட்டுக்கு நிறம் மாறுகிற டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நாலு மூலையிலும் நடுவிலும் வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. ஸ்ட்ரிப் கிடைக்கவில்லையா? ஏ3 தாள் முழுக்க ஒரே சாம்பல் நிறத்தை அடித்து, வேஸ்ட் பாலியஸ்டர் துணியில் அழுத்திப் பார்த்தால் போதும். எந்த மூலை வெளிறியிருக்கிறதோ, அங்கே சூடோ அழுத்தமோ குறைகிறது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, மெஷின் ஆறிய பிறகு நாலு மூலையிலும் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வருகிற மூலையில் அழுத்தம் போதவில்லை. எல்லா மூலையும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் குறை சூட்டில்.

வளைவு வளைவாக வேனில் ஏறிவந்த மெஷினில் இந்தக் காகிதச் சோதனையை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. குலுக்கலில் அழுத்தத் திருகு நெகிழ்ந்திருக்கும். மேஜை ஆடினாலும் இதே கதிதான்.

புள்ளி வைத்ததும் வைக்காததும்

தமிழில் பெயர் அச்சடிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லை உண்டு. ஆங்கில எழுத்துக்கு மேலே ஒரு தூசி விழுந்தால் அழுக்கு என்று விட்டுவிடுவார்கள். தமிழில் 'க'வுக்கு மேலே ஒரு புள்ளி விழுந்தால் அது 'க்'.

ஜெர்ஸிமேல் ஒட்டிய பஞ்சுத் துணுக்கு, முடி, வேறு துணியின் நூல் எல்லாம் சூட்டில் சாயத்தோடு சேர்ந்து குட்டிக் குட்டி நீலப் புள்ளிகளாகப் பதிந்துவிடும். வெள்ளை ஜெர்ஸியில் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வீட்டிலேயே கடை நடத்துகிறவர்கள் பக்கத்தில் போர்வையை உதறினால்கூடப் போதும். ஒட்டுகிற ரோலரால் ஒவ்வொரு ஜெர்ஸியையும் துடைத்துவிட்டுத்தான் தாளை வைக்க வேண்டும். ரோலர் இல்லை என்றால் அகலமான செல்லோ டேப்பைக் கையில் திருப்பிச் சுற்றிக்கொண்டு ஒற்றி எடுக்கலாம்.

எழுத்து இரட்டையாகத் தெரிவது இன்னொரு வியாதி. நிழல் விழுந்த மாதிரி, பக்கத்தில் இன்னொரு மங்கலான எழுத்து. பிரஸ்ஸைத் திறக்கும்போது தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அந்த நேரத்தில் சாயம் இன்னும் ஆவியாகத்தான் இருக்கிறது. நகர்ந்த இடத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். படாரென்று திறக்கிற மெஷினில் இது அதிகம். காற்று உறிஞ்சி இழுக்க, தாள் எம்பும். சூடு தாங்குகிற டேப்பால் தாளை நாலு பக்கமும் ஒட்டி, மெதுவாகத் திறந்து, ஒரே இழுப்பில் தாளை எடுத்துவிட வேண்டும். எடுத்த தாளை மறுபடி துணிமேல் தவறவிட்டால் அந்த ஜெர்ஸி காலி.

துணியில் தாளின் ஓரம் சதுரமாகக் கோடு போட்டுவிடுவதும் உண்டு. பாலியஸ்டர் அழுத்தினால் பளபளக்கும். தாள் முடிகிற விளிம்பில் அந்தப் பளபளப்பு கோடாக நிற்கும். இதற்குப் பழைய தொழிலாளிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தாளைக் கத்தரியால் நேராக வெட்டாமல், கையால் கிழித்து ஓரத்தைப் பிசிறாக விட்டுவிடுவார்கள். பிசிறு விளிம்பு கூர்மையான கோடு போடாது. கூடவே அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஜெர்ஸிக்குள்ளே சூடு தாங்குகிற ஃபோம் வைத்தால் இன்னும் நல்லது. காலர் தையலும் பக்கத் தையலும் தகட்டைத் தூக்கிப் பிடித்து, நடுவே அழுத்தம் போதாமல் செய்கிற கோளாறுக்கும் இதே ஃபோம்தான் மருந்து.

கறுப்பு பழுப்பாக வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். வேகவில்லை அல்லது கருகிவிட்டது. எது என்று பயன்படுத்திய தாளைப் பார்த்தால் தெரியும். தாளில் டிசைன் இன்னும் அடர்த்தியாக அப்படியே இருந்தால் சாயம் இறங்கவில்லை. சூடோ நேரமோ போதவில்லை. தாள் வெளிறி, துணியில் எழுத்தின் ஓரமும் கசிந்து பரவியிருந்தால் சூடோ நேரமோ அதிகம். துணியே மஞ்சளடித்திருந்தால் சந்தேகமே இல்லை. 200 டிகிரியில் 45 முதல் 60 விநாடி என்பது பெரும்பாலான ஜெர்ஸித் துணிக்குச் சரியான தொடக்கம். மெல்லிய துணிக்கு 190 போதும். ஒரே நேரத்தில் சூட்டையும் நேரத்தையும் அழுத்தத்தையும் மாற்றிப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற தவறு. எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பழைய நோட்டில் குறித்து வைத்துக்கொள்வது எந்த யூட்யூப் வீடியோவையும்விட உபயோகமானது. அந்த நோட்டில் தேதியோடு 'பனி', 'வெயில்' என்றும் எழுதிவைத்தால் அடுத்த மார்கழிக்குக் கைகொடுக்கும்.

கீழ்த்தகட்டின்மேல் பழைய செய்தித்தாளை விரிப்பது பெரிய தப்பு. தலைப்புச் செய்தி ஜெர்ஸியின் முதுகில் ஏறிவிடலாம். ஒன்றும் அச்சடிக்காத வெள்ளைத் தாள் வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஜெர்ஸிக்கும் புதிது. டெஃப்லான் ஷீட் போட்டிருக்கிறோமே என்று அதை மட்டும் நம்பினால், போன ஜெர்ஸியின் சாயம் அதில் தங்கி, அடுத்த ஜெர்ஸியில் ஆவியாக இறங்கும். சிவப்பு டீமின் எண் நீல டீமின் வயிற்றில் லேசாகத் தெரியும்.

கறுப்பு ஜெர்ஸி கேட்கிற பையன்கள்

இளைஞர்களிடம் எந்த ஊரிலும் ஒரே ஆசைதான். கறுப்பு ஜெர்ஸியில் மஞ்சள் எழுத்து. ரெடிமேட் கறுப்பு ஜெர்ஸியைக் கொண்டுவந்து, 'அண்ணே, இதுல அடிச்சுக் குடுங்க' என்பார்கள். அது முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. சாயம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது, கீழே இருக்கிற நிறத்தை மறைக்காது. கறுப்பின்மேல் மஞ்சள் அடித்தால் கறுப்புதான் தெரியும்.

கடைகளில் தொங்குகிற கறுப்பு சப்ளிமேஷன் ஜெர்ஸி எல்லாம் வெள்ளைத் துணியில் பிறந்தவை. முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனித் துண்டாக, மஞ்சள் எழுத்தை விட்டுவிட்டு மற்ற இடம் முழுக்கக் கறுப்பு அடித்து, பிறகு தைக்கிறார்கள். அதற்குப் பெரிய பிரிண்டரும் பெரிய பிரஸ்ஸும் வேண்டும். சின்னக் கடைக்கு வெள்ளை, இளமஞ்சள், வெளிர்நீலம் இவைதான் சொத்து. பெரிய ஆர்டர் வந்தால் திருப்பூரில் கொடுத்து வாங்கித் தருவதில் ஒரு குறையும் இல்லை. டீம் மொத்தமும் வீணாவதைவிட அது மேல்.

கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. ஒரு ஜெர்ஸியில் ஐம்பது ரூபாய் மிஞ்சுகிறது, துணி இருநூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்று கெட்டால் நாலு ஜெர்ஸியின் உழைப்பு போய்விடும். பதினைந்து பேர் டீமில் நாலு கெட்டால் அன்றைக்குக் கைக்காசு போகும். வேலூரில் கடை வைத்திருக்கிறவர் தெருமுனைக்குப் போய் இன்னொரு துணி வாங்கிக்கொள்வார். மலையில் அதற்கும் பஸ் ஏற வேண்டும். அதனால் டீமுக்குப் பதினைந்து ஜெர்ஸி என்றால் பதினாறாவது துண்டு ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொண்டு, முதலில் அதில்தான் கை வைக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சோதனையும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த பெயரை டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டும்போது ஃபான்ட் மாறி, 'கோ' என்பது கொம்பு தனி, கால் தனி என்று உடைந்துவிடும். தாளில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித்தான் அடிக்க வேண்டும் என்பதால், அந்தப் பிழை தலைகீழ் எழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பிரின்ட் எடுத்த தாளை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து, பெயர் கொடுத்தவரையே படிக்கச் சொல்வது நல்லது. மறுபடி ஒரு நாள் பஸ் செலவு மிச்சம்.

வீட்டிலேயே இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 200 டிகிரி என்பது கொதிக்கிற எண்ணெயைவிட அதிகம். பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் மெஷினை வைக்கக் கூடாது. சுட்டுவிட்டால் பற்பசை, மஞ்சள், இங்க் என்று எதையும் பூசாமல் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு, பெரிய காயமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சாயத்தின் ஆவி மூக்கில் ஏறுகிற சமாசாரமும் இருக்கிறது. பனிக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு மணிக்கணக்கில் அழுத்தினால் தலை வலிக்கும். ஈரம் உள்ளே வரக் கூடாது, ஆவி வெளியே போக வேண்டும் என்றால் வெயில் ஏறிய பிறகு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் வழி. பத்தரை மணிக் கணக்கு இங்கேயும் சரியாக வருகிறது.

வேலை முடிந்ததும் தகட்டைத் திறந்த நிலையில் விட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட வேண்டும். இடி மின்னல் சீசனில் இதை மறக்கவே கூடாது. மூடிய தகடு ஆற வெகுநேரம் பிடிக்கும், கீழே இருக்கிற ஃபோமும் கெட்டுப்போகும். மிச்சத் தாளை டிரம்மில் போட்டு மூடியை அழுத்திவிட்டு, அடித்து முடித்த ஜெர்ஸிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கொடியில் தொங்கவிட்டால் போதும். சூட்டோடு அடுக்கினால் மேல் ஜெர்ஸியின் எண் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும். மலைக்காற்றில் சீக்கிரமே ஆறிவிடும். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் மடித்துக் கொடுத்துவிடலாம்.